சங்ககிரியில் நிற்கிற வண்டி

செருப்பை அங்கேயே விடுங்கள் தம்பி. உள்ளே வாருங்கள். வாசலில் நின்று விலை பேசுவது எனக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் கடை அன்சாரி அனுப்பிய ஆள்தானே? பிராசசர், மதர்போர்டு, ரேம், மூன்றும் ஒரே செட். பிரித்துத் தர மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும், அதைத் தொட வேண்டாம். அதுதான் புதுசு. எட்டு கோர். இன்னும் பிரிக்கவில்லை.

ஏன் பிரிக்கவில்லையா? பழையதைக் கழற்றினால்தானே புதியதை மாட்ட முடியும்? பழையதற்கு ஆள் வந்தால்தானே கழற்றலாம்? இதெல்லாம் ஒரு கேள்வியா?

உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னொருத்தருக்குப் பாதி சொன்னேன். போன் வந்தது என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. நீங்களும் கேட்பீர்கள். கேட்டுவிட்டு முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

ஜெர்க் அடிக்கிறது. வண்டி லேட்டாகிறது. அதுதான் காரணம்.

மறைத்து விற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் உங்களுக்கு அடிக்காது. நீங்கள் விளையாடுவது துப்பாக்கி கேம்தானே? பார்த்தாலே தெரிகிறது. அதற்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால் போதும், இந்த பிராசசர் இன்னும் மூன்று வருஷம் தாங்கும். நான் ஓட்டுவது ரயில். ரயில் கேமில் பாரம் முழுக்க பிராசசர் தலையில். சிக்னல், பாயிண்ட், எதிரில் வருகிற வண்டி, யார்டில் நிற்கிற வண்டி, எல்லாவற்றையும் அதுதான் கணக்குப் போடணும். அதிலும் எத்தனை கோர் இருந்தாலும் ஒரு கோர்தான் இழுக்கும். ஆறு இஞ்சினைக் கோத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுகிற மாதிரி. மற்றது சும்மா கூடவே வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஈரோட்டில் எடுத்த வண்டி சேலத்துக்கு டைமுக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னெல்லாம் சேர்ந்தது. இப்போது சேரவில்லை.

நான் டிரைவர். லோகோ பைலட் என்பதெல்லாம் பிறகு வந்த பேர். ஈரோடு டிப்போ. கூட்ஸ், பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், எல்லாம் ஓட்டி முடித்து ரிட்டயர்ட் ஆனேன். வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் மகன் திலீபன் புனேயில் இருக்கிறான். ஒரு தீபாவளிக்கு வந்தவன் இந்த மெஷினை அசெம்பிள் செய்து, இஞ்சினில் இருக்கிற மாதிரி ஒரு லீவரையும் மாட்டிவைத்துவிட்டுப் போனான். இந்த ரயில் கேமில் யாரோ ஒரு புண்ணியவான் ஈரோட்டிலிருந்து சேலம் வரைக்கும் தண்டவாளத்தை அச்சு அசலாக வரைந்து போட்டிருக்கிறான். காவிரிப் பாலம், சங்ககிரி மலை, மகுடஞ்சாவடி கேட், எல்லாம் அப்படியே. எங்கள் வீட்டுக்காரி இந்திராணி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க, அத்தனை வருசம் ஓட்டுனது பத்தலையா? இப்ப சம்பளமில்லாம வேற ஓட்டோணுமா?"

லீவரைப் பிடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்காது. இஞ்சினில் எப்போதும் இரண்டு பேர். டிரைவர் இடது பக்கம், அசிஸ்டென்ட் வலது பக்கம். ஸ்டேஷனுக்குத் தூரத்தில் வருகிற சிக்னல் டிஸ்டன்ட், ஸ்டேஷன் வாசலில் ஹோம், கிளம்புகிற இடத்தில் ஸ்டார்ட்டர். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும். 'ஹோம், கிரீன்.' மற்றவர் தன் கண்ணால் பார்த்துத் திரும்பச் சொல்லணும். 'ஹோம், கிரீன்.' கையையும் நீட்டணும். இரண்டு பேரும் சொன்னால்தான் என் கை லீவரில் நகரும். ஒருத்தர் தூங்கி வழிந்தாலும் மற்றவர் வண்டியைக் காப்பாற்றலாம் என்பதற்காக வைத்த வழக்கம். எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. முதல் நாள் கேமிலும் வாய் தானாகச் சொன்னது. 'ஸ்டார்ட்டர், கிரீன்.'

அடுப்படியிலிருந்து இவள் குரல் வருகிறது. "கிரீனுங்கோ!"

எனக்குக் கோபம். எழுந்து போனேன்.

"பாக்காம சொல்லக்கூடாது. டூட்டியில பாக்காம சொன்னா சார்ஜ் சீட்டு."

"குடுங்க, குடுங்க. அப்படியே அதுல கால் கிலோ உளுந்தும் எழுதிருங்க. தீந்துபோச்சு."

அப்படிப்பட்ட ஆள் அவள். எதற்கும் ஒரு வாய்.

மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வலது பக்கம் போட்டாள். மடியில் முறம். முறத்தில் பூண்டு. பூண்டை உரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பாள். நான் சொல்வேன், அவள் சொல்வாள். கொஞ்ச நாளில் அவள் முதலில் சொல்ல ஆரம்பித்தாள். என் கண்ணில் புரை. அவளுக்குக் கண் நல்ல கண். 'டிஸ்டன்ட், எல்லோ, பாத்துப் போங்க' என்பாள். பாத்துப் போங்க என்பதெல்லாம் ரூலில் கிடையாது என்று சொன்னேன். கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஒரு ட்ரிப். வண்டி டைமுக்குப் போகும். ஒரே ஒரு தகராறு. சங்ககிரி. அவள் பிறந்த ஊர்.

"ஏனுங்க, சங்ககிரில ஒரு நிமிசம் நிறுத்துங்க. எங்கூரைப் பாத்துக்கறேன்."

"எக்ஸ்பிரஸ். சங்ககிரியில ஸ்டாப்பிங் கிடையாது."

"யாருங்க கேக்கப்போறாங்க? வெளையாட்டுதானே?"

"டைம் டேபிள்னா டைம் டேபிள்தான்."

நிறுத்தவில்லை. ஒரு நாளும் நிறுத்தவில்லை. கடந்து போகும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். திரையைத் தாண்டி எங்கே பார்ப்பது? ஆனாலும் திருப்புவாள். அடுத்த சிக்னலைச் சொல்ல மறந்துவிடுவாள். நான் அதட்டுவேன்.

அதை விடுங்கள். பிராசசருக்கு வருகிறேன்.

அப்போதும் ஜெர்க் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈரோடு யார்டில் வண்டிகள் நிறைய நிற்கும். அங்கே பிரேம், அதாவது நொடிக்கு ஓடுகிற படம், இருபதுக்கு இறங்கிவிடும். படம் விட்டு விட்டு நகரும். குற்றம் கார்டா, பிராசசரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது தெரியுமா? தெரியாதா? இத்தனை கேம் விளையாடுகிறீர்கள். திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பிரேம் ஏறினால் குற்றம் கார்டு மேல். ஏறாமல் அதே இடத்தில் நின்றால் பிராசசர். நான் குறைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. திலீபனுக்குப் போன் போட்டேன்.

"இப்ப மாத்தாதீங்கப்பா. தீபாவளிக்குப் புதுசு வருது. பழசு விலை இறங்கும்."

தீபாவளி வந்தது. கேட்டேன்.

"பொங்கல் வரைக்கும் பொறுங்க. இப்ப வந்ததுக்கு போர்டும் மாத்தணும், ரேமும் மாத்தணும். அடுத்தது இன்னும் நல்லா வரும்."

காத்திருந்தால் இப்படித்தான். அடுத்தது எப்போதும் இன்னும் நல்லாத்தான் வரும். நானும் அவசரப்படவில்லை. யார்டில் மட்டும்தானே ஜெர்க். யார்டைத் தாண்டினால் வண்டி வெண்ணெய். சேலத்துக்கு டைமுக்குப் போகிறது. ஓடுகிற வண்டியை எதற்கு ஷெட்டில் விடுவது? இதுதான் என் கணக்கு. உங்களுக்கும் இதையே சொல்கிறேன். விளையாட முடியாமல் போகிற வரைக்கும் மாற்றாதீர்கள். விளம்பரம் பார்த்து மாற்றாதீர்கள். சிநேகிதன் மாற்றினான் என்று மாற்றாதீர்கள். உங்கள் கேமில் உங்களுக்கு எது கெட்டுப்போகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியணும். அப்போது மாற்றுங்கள்.

இந்திராணியையும் கேட்டேன், மாற்றலாமா என்று.

"வேகமாப் போனா உங்களுக்கு என்னுங்க லாபம்? சேலம் வெரசா வந்துரும். அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

விவரம் இல்லாத பேச்சு. வண்டி வேகம் வேறு, மெஷின் வேகம் வேறு. விளக்கிச் சொன்னேன். பூண்டை உரித்துக்கொண்டே கேட்டாள். புரிந்ததா என்று தெரியவில்லை.

ஆடியில் போய்விட்டாள். சளி என்றாள். கஷாயம் வைத்துக் குடித்தாள். மூச்சு வாங்குகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். திலீபனும் கிளம்பினான். வீட்டைக் கூட்டினேன். சாயங்காலம் மெஷினைப் போட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். யார்டில் மட்டும் இருந்த ஜெர்க் இப்போது லைன் முழுக்க. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி தயங்குகிறது. ஈரோடு ஸ்டார்ட்டரிலேயே எடுக்க மாட்டேன் என்கிறது. காவிரியில் ஒரு தரம். ஆனங்கூரில் ஒரு தரம். சங்ககிரியில் நின்றே விடுகிறது. எக்ஸ்பிரஸ் தம்பி. ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் நிற்கிறது. பிளாட்பாரத்தில், பெயர்ப் பலகைக்கு நேராக. சேலம் போய்ச் சேரும்போது இருபது நிமிஷம் லேட். சில நாள் அரை மணி. சர்வீஸில் நான் அரை மணி லேட்டாகப் போனது வெள்ளத்தில் மட்டும்தான்.

திலீபனுக்குப் போன் போட்டேன். இப்போது மாற்றலாமா என்று கேட்டேன்.

"அப்பா, நீங்க இங்க வந்துருங்க. அங்க தனியா இருக்க வேண்டாம்."

"நான் பிராசசரைக் கேக்கறேன்."

"பிராசசர் கெடக்கட்டும்ப்பா. சாப்பிடறீங்களா?"

"சங்ககிரியில நிக்குதுடா. ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல நிக்குது."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். கட்டாகவில்லை. அப்புறம் சொன்னான்.

"சரிப்பா. மாத்திக்கலாம். நானே அனுப்பறேன்."

இதற்கு எதற்கு அத்தனை நேரம்? பொறு பொறு என்று சொன்னவன்தானே? இப்போது ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டான். அதுதான் ஃபிரிட்ஜ் மேல் இருப்பது. போர்டு, ரேம், எல்லாம் புதுசு.

மாட்டிக் கொடுக்க அன்சாரியைக் கூப்பிட்டேன். வேலை தெரிந்தவன்தான், ஆனால் பேச்சு கொஞ்சம் அதிகம். வந்தவன் மாட்டவில்லை. முதலில் பழையதைப் பார்க்கிறேன் என்றான். திறந்தான், தூசி ஊதினான், பிராசசர் சூடாகாமல் இருக்கப் பூசுகிற பேஸ்ட்டை மாற்றினான். திரை ஓரத்தில் பிரேமைக் காட்டுகிற கிராஃப் ஒன்று போட்டான். ஓட்டுங்க சார் என்றான். ஓட்டினேன். அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான், போனைப் பார்த்துக்கொண்டு.

"சார், யார்டைத் தாண்டுனதும் பிரேம் அறுபதுக்குக் கீழ எறங்கவே இல்ல. ஜெர்க் எங்க?"

"பொறு. சங்ககிரி வரட்டும்."

சங்ககிரி வந்தது. வண்டி நின்றது.

"பாத்தியா?"

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். கிராஃபைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.

"சார், பச்சை விழுந்து கெடக்கு. நீங்க பிரேக்கப் போட்டு நிக்கறீங்க."

"நான் நிக்கல. வண்டி நிக்குது."

"லீவர் உங்க கையிலதான சார் இருக்கு? பச்சைன்னு வாய்லயும் சொல்லிட்டீங்க. சொல்லிட்டு யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெஷினைப் பார்க்க வந்தவன் மெஷினைப் பார்க்கணும். டிரைவர் கையைப் பார்க்க இவன் என்ன இன்ஸ்பெக்டரா? கிளம்பு என்றேன். காபிகூடக் கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "பழச வித்துராதீங்க சார், நல்லாத்தான் இருக்கு" என்றான். விற்கத்தான் போறேன், ஆள் அனுப்பு என்றேன். அனுப்பியிருக்கிறான். அந்த மட்டில் நல்லவன்.

போதுமா? இதுதான் காரணம்.

ஓட்டிக் காட்டணுமா? காட்டாமல் விற்பேனா? உட்காருங்கள். அங்கே இல்லை, இந்த நாற்காலி. வலது பக்கம். அந்த முறத்தை எடுத்துக் கீழே வையுங்கள். கொட்டிவிட வேண்டாம். ஆமாம், காய்ந்த பூண்டுதான். இருக்கட்டும். அப்படியே வையுங்கள்.

சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் வேலை செய்யணும். நான் சிக்னலைச் சொல்வேன். நீங்கள் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லணும். பார்க்காமல் சொல்லக் கூடாது. கூச்சமா? என்ன கூச்சம்? துப்பாக்கி கேமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்துவீர்கள்தானே? அதைவிட இது மரியாதையான வேலை. போனைப் பைக்குள் வையுங்கள்.

லோடாகிறது. இதுகூட லேட்டுதான், பாருங்கள்.

ஈரோடு. மூன்றாம் பிளாட்பாரம். யார்டில் படம் கொஞ்சம் விட்டு விட்டுத்தான் வரும், அது பழைய வியாதி. கண்டுகொள்ள வேண்டாம். தயாரா?

ஸ்டார்ட்டர், கிரீன்.

ம். சொல்லுங்கள். சத்தமாக. கையை நீட்டுங்கள்.

ஆ. அப்படித்தான்.

எடுத்துவிட்டது. ஸ்டார்ட்டரில் எடுத்துவிட்டதே.

அட்வான்ஸ் ஸ்டார்ட்டர், கிரீன்.

ம். கையை மடக்கலாம். காவிரிப் பாலம். சத்தம் வருகிறதா? அது நிஜமான பாலத்தில் பதிவு செய்த சத்தம் என்கிறான் திலீபன். எனக்கு அப்படித் தெரியவில்லை.

டிஸ்டன்ட், கிரீன்.

ஆமாம். நீங்களே முதலில் சொல்லலாம். கண்ணில் பட்டதும் சொல்லலாம். உங்களுக்குக் கண்ணாடி இல்லையே? நல்லது.

ஆனங்கூர் போய்விட்டது. நிற்கவில்லை. என்னவோ இன்றைக்கு ஓடுகிறது. வாங்க ஆள் வந்திருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியும்போல. டாக்டர் வீட்டுப் படி ஏறியதும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிடுமே, அந்த மாதிரி. பொறுங்கள். சங்ககிரியில் நிற்கும். நின்றே தீரும். அப்போது பார்ப்பீர்கள்.

அதோ மலை. அதற்குக் கீழேதான் ஸ்டேஷன்.

ஹோம், கிரீன்.

…

ஸ்டார்ட்டர்.

ஸ்டார்ட்டர் என்ன? உங்களைத்தான் கேட்கிறேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கிரீன். சரி. கிரீன்.

போய்விட்டது.

இல்லை. ஒன்றுமில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது, அதனால் திருப்பினேன். நீங்கள் முன்னால் பாருங்கள். டிஸ்டன்ட் வரும். பேசாமல் வாருங்கள் கொஞ்ச நேரம்.

*

சேலம். ரைட் டைம்.

அந்த ஓரத்தில் எழுதியிருக்கிறது, படியுங்கள். லேட் ஒன்றும் இல்லையே? ஆமாம். நானும் பார்த்தேன். ஆடிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

விலையா? இருங்கள். ஏன் பறக்கிறீர்கள்? ஒரு ட்ரிப் ஒழுங்காக ஓடினால் அது சோதனை ஆகிவிடுமா? ஷெட்டில் ஒரு இஞ்சினை வெளியே விடுவதற்கு முன்னால் எத்தனை தரம் ஓட்டிப் பார்ப்பார்கள் தெரியுமா? இன்றைக்கு நல்லவிதமாக ஓடிவிட்டு நாளைக்கு உங்கள் வீட்டில் நின்றால் என் பேர்தான் கெடும். நாளைக்கும் ஓட்டிப் பார்ப்போம். நாளன்றைக்கும் பார்ப்போம். அப்புறம் விலை.

புதியதா? அது எங்கேயும் ஓடிவிடாது. பெட்டியில்தானே இருக்கிறது? இருக்கட்டும்.

நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துவிடுங்கள். லேட்டாக வரக் கூடாது. டிரைவர் உட்கார்ந்த பிறகு அசிஸ்டென்ட் வருகிற பழக்கமெல்லாம் என்னிடம் செல்லாது. காபி போட்டு வைக்கிறேன். எனக்குச் சுமாராகத்தான் வரும். குடித்துக்கொள்ளுங்கள்.

செருப்பு வாசலில் இருக்கிறது. போகும்போது அந்த முறத்தை எடுத்து நாற்காலி மேலே வைத்துவிட்டுப் போங்கள்.

இல்லை. வேண்டாம். கீழேயே இருக்கட்டும்.